தொலைவிலிருந்து உளச்சிகிச்சை: நாடுவோரும் நாடாதோரும்

மருத்துவத் துறைகள் பலவற்றுள்ளும் நோயாளியைத் தொடாமலே நோயை ஆராயத்தக்க துறை ஒன்று உண்டெனின் அது உளமருத்துவமேயாம். நாடி பிடித்தலும், நெஞ்சிற் குழல் வைத்துக் கேட்டலும், குருதி எடுத்துச் சோதித்தலும் ஏனைய வைத்தியர்க்கு இன்றியமையாதன. உளமருத்துவரும் உடலைச் சோதியாது விடுவதில்லை. ஆயினும் அவர்தம் தலையாய கருவிகள் சொல்லும் செவியுமே. நோயாளி எதனைக் கூறுகின்றார், எதனைக் கூறத் தயங்குகின்றார், எவ்விடத்திற் குரல் தாழ்கின்றது, எவ்விடத்திற் கண் கலங்குகின்றது என்பனவே அவர் கூர்ந்து நோக்குவன. ஆகவே குரலையும் முகத்தையும் கம்பி வழியாகவும் அலை வழியாகவும் அனுப்புதல் கைகூடிய காலந்தொட்டு, இச்சிகிச்சையைத் தொலைவிலிருந்தே நிகழ்த்தலாம் என்னும் எண்ணமும் உடன் தோன்றியதில் வியப்பில்லை. இன்று அவ்வெண்ணம் பல நாடுகளிற் பெருவழக்காகிவிட்டது. இவ்வாறு தொலைவிலிருந்து கிடைக்கும் உதவியை நாடுவோர் யாவர், நாடாதோர் யாவர், வயது, பால், வாழிடம், வருமானம், மொழி ஆகிய குடித்தொகை இயல்புகளுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இம்முறை 2020 ஆம் ஆண்டுத் தொற்றுநோய்க் காலத்திற் பிறந்ததென்று எண்ணுவார் பலர். அதன் வரலாறு அதனினும் மிகப் பழையது. 1935 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் லிங்கன் நகரில் இளங்குருவாயிருந்த சாட் வரா என்பார் ஒரு சிறுமியின் சவ அடக்கத்தை நடத்த நேர்ந்தது. பூப்பெய்தியமையை இன்னதென்று அறியாது, கொடிய நோய் பற்றிற்றென அஞ்சி, கேட்டறிய ஒருவரும் இன்றித் தன்னுயிரை மாய்த்துக்கொண்டவள் அவள். அந்நிகழ்ச்சி அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1953 நவம்பரில், இலண்டனிலுள்ள சென் ஸ்டீபன் வோல்புறூக் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, உயிரை வெறுத்தவர் எவரும் அழைத்துப் பேசலாம் என்று அவர் அறிவித்தார். மான்ஷன் ஹவுஸ் 9000 என்பது அத்தொலைபேசியின் இலக்கம். சமாரித்தன்ஸ் என்னும் இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. அழைப்பவர் தம் பெயரைக் கூறவேண்டியதில்லை, முகத்தைக் காட்டவேண்டியதுமில்லை. வீட்டாரிடமும் அயலாரிடமும் கேட்க நாணியவர்க்கு முகந்தெரியாமையே ஒரு காப்பாயிற்று.

கடலுக்கப்பால், அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாகா நகரிலிருந்த உளமருத்துவ நிறுவகத்தில் செசில் விற்சன் என்பார் 1959 இல் இருவழித் தொலைக்காட்சியைக் கற்பித்தலுக்கும் குழுச் சிகிச்சைக்கும் பயன்படுத்தத் தொடங்கினார். 1964 இல் அந்நிறுவகம் 112 மைல் தொலைவிலுள்ள நோஃபோக் அரசினர் உளநோய் வைத்தியசாலையுடன் இணைக்கப்பட்டது. ஒமாகாவிலிருந்த வல்லுநர் நோஃபோக்கிலிருந்த நோயாளியைத் திரையிற் கண்டு உரையாடினர். இலண்டன் முயற்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இலண்டனில் அழைப்பவர் தாமே தொலைபேசியைத் தேடி, தாமே துணிந்து, தனிமையில் அழைத்தார். நெப்ராஸ்காவிலோ கருவியையும், அறையையும், அருகிருக்கும் தாதியையும் வைத்தியசாலையே அளித்தது. நோயாளி வந்து கதிரையில் அமர்ந்தாற் போதும். தொலைச்சிகிச்சை இன்றளவும் இவ்விரு வழிகளிலேயே நடைபெறுகின்றது. எவ்வழியை ஒரு நாடு கைக்கொள்கின்றது என்பதைப் பொறுத்தே, எவர் வருவர், எவர் வாரார் என்பதும் பெரும்பாலும் அமைகின்றது.

திரையிற் காண்பது நேரிற் காண்பதற்கு ஈடாகுமா என்னும் ஐயம் நெடுங்காலம் நிலவிற்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நிகழ்ந்து 2007 இல் வெளிவந்த ஆய்வொன்று, 495 நோயாளரைத் திருவுளச்சீட்டு முறையில் இரு பகுதியாராகப் பிரித்து, ஒரு பகுதியார்க்கு நேரிலும் மற்றைப் பகுதியார்க்குக் காணொளி வழியாகவும் சிகிச்சையளித்தது. பலன் இரு பகுதியார்க்கும் ஒத்ததாகவே காணப்பட்டது. செலவு மட்டும் காணொளி வழியிற் குறைந்தது. பின்வந்த ஆய்வுகள் பலவும் இம்முடிவை வலியுறுத்தின. ஆகவே, பயன்படுமா என்னும் வினா பெரும்பாலும் விடைபெற்றுவிட்டது எனலாம். எஞ்சி நிற்பது, பயன் யாருக்குச் சென்று சேர்கின்றது என்னும் வினாவாகும். முதல் வினாவை ஆய்ந்த அளவுக்கு இரண்டாவதனை எவரும் ஆராயாதிருந்த காலத்திலேயே கொவிட் நோய் வந்து உலகின் கதவுகளை அடைத்தது.

அதன் விளைவை அமெரிக்க நாட்டுப் புள்ளிகளிலே தெளிவாகக் காணலாம். கைசர் குடும்ப நிறுவனம் பெருந்தொகையான மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2022 இல் வெளியிட்ட கணக்கின்படி, தொற்றுநோய்க்கு முன்னர் உளநோய்க்கும் போதைப்பழக்கத்துக்குமான புறநோயாளர் சந்திப்புகளில் தொலைவழியில் நிகழ்ந்தவை நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. 2020 இல் நோய் முற்றிய காலத்தில் அது 40 வீதமாக உயர்ந்தது. 2021 மார்ச் முதல் ஓகஸ்ட் வரையான காலத்திலும் 36 வீதமாக நின்றது. ஏனைய நோய்களுக்கான சந்திப்புகள் 11 வீதத்துக்கு உயர்ந்து, பின் 5 வீதத்துக்கு இறங்கிவிட்டன. அஃதாவது, கதவுகள் மீண்டும் திறந்தபின்னர் ஏனைய நோயாளர் வைத்தியரிடம் நேரிற் சென்றனர். உளநோயாளரிற் பெரும்பகுதியினர் வீட்டிலிருந்தவாறே பேசுதலை விட விரும்பவில்லை. உளநோய் வைத்தியசாலையின் வாயிலில் தம்மை எவரேனும் கண்டுவிடுவரோ என்னும் அச்சம் இதற்குக் காரணங்களுள் ஒன்றாதல் கூடும். பேருந்துக் கட்டணமும் இழந்த நாட்கூலியும் மற்றைக் காரணங்களாகும்.

அக்கணக்கில் மேலும் ஒரு செய்தி உண்டு. மேற்கூறிய 2021 ஆம் ஆண்டுக் காலப்பகுதியில், கிராமத்தில் வாழ்வோர் பெற்ற உளச்சிகிச்சைச் சந்திப்புகளில் 55 வீதம் தொலைவழியில் நிகழ, நகரத்தில் வாழ்வோர்க்கு அது 35 வீதமாகவே இருந்தது. கிராமத்தார் பின்தங்கியோர், புதுக்கருவிகளை ஏற்கார் என்னும் பொதுக்கருத்துக்கு இது மாறானது. ஆயின் வேறு ஆய்வுகள் கிராமத்தார் காணொளிச் சந்திப்புகளைக் குறைவாகவே பயன்படுத்தினர் எனக் காட்டுகின்றன. இரண்டும் ஒன்றற்கொன்று முரண்படுவனபோலத் தோன்றினும் முரண்பாடு இல்லை. உளமருத்துவர் நகரங்களிலே குவிந்திருத்தலின், கிராமத்தார்க்குத் தொலைவழியின் தேவை மிகப் பெரிது. அத்தேவையை நிறைவேற்றும் விரைவான இணைய வசதியோ கிராமங்களிற் குறைவு. தேவை மிகுந்து வசதி குன்றிய இடத்தில், காணொளியை மட்டும் எண்ணுபவர் கிராமத்தார் வரவில்லை என்பர். வெறுந் தொலைபேசியையும் சேர்த்து எண்ணுபவர் அவர்களே முன்னே வந்தனர் என்பர். எதனை எண்ணுவது என்று முடிவு செய்தவுடனே விடையிற் பாதி முடிவாகிவிடுகின்றது. அட்டவணைகளைப் படிப்போர் இதனை மறத்தலாகாது.

வயதை எடுத்துக்கொள்வோம். முதியோர் தொலைச்சிகிச்சையை விரும்பார் என்பது எங்கும் கூறப்படுவது. 2021 இல் அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டோருள் 61 வீதத்தினரிடமே தொடுதிரைக் கைத்தொலைபேசி இருந்தது. 30 வயதுக்குட்பட்ட வளர்ந்தோருள் 96 வீதத்தினரிடம் இருந்தது. 2020 இல் வெளிவந்த ஆய்வொன்று, அந்நாட்டு முதியோருள் 38 வீதத்தினர், அஃதாவது ஏறத்தாழ ஒரு கோடியே முப்பது இலட்சம் பேர், காணொளிச் சந்திப்புக்கு ஆயத்தமற்றவர் என மதிப்பிட்டது. கருவியைக் கையாளும் பழக்கமின்மையே முதற் காரணமாகக் காட்டப்பட்டது. பிறர் உதவி கிடைக்கும் எனக் கொண்டாலும் 32 வீதத்தினர் ஆயத்தமற்றவராகவே எஞ்சினர். வெறுந் தொலைபேசியில் வைத்தியருடன் பேசுவதற்கும் 20 வீதத்தினர் இயலாதவராயினர். செவிப்புலன் குன்றியோரும் பேச்சுத் தளர்ந்தோரும் மறதிநோய் கொண்டோரும் அவர்கள். இவ்வெண்கள் இரண்டு உண்மைகளைத் தருகின்றன. காணொளியிலிருந்து தொலைபேசிக்கு இறங்கியவுடன் முதியோர் இலட்சக்கணக்கில் உட்சேர்கின்றனர் என்பது ஒன்று. எவ்வளவு எளிய கருவியாயினும் ஐவருள் ஒருவர் வெளியே நிற்கின்றனர் என்பது மற்றொன்று. அவர்களுக்கு வைத்தியர் வீடு செல்லுதல் அல்லது அவர்கள் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுதல் தவிர வேறு வழியில்லை. தொலைச்சிகிச்சையைப் பெரிதும் போற்றுவோர் இவ்வைந்தில் ஒரு பங்கினரைப் பற்றிப் பேசுதல் அரிது.

முதுமையே தடையென்று கொள்ளுதலும் பிழை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களிலே, பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழத் தனித்திருக்கும் தாய்மார் எத்தனையோ பேர். எழுபது, எண்பது வயதிலும் அவர்கள் மாலைதோறும் கைத்தொலைபேசியின் திரையிற் பேரப்பிள்ளைகளின் முகத்தைக் காண்கின்றனர். ஆங்கில எழுத்தறியாதவரும், எழுத்தே அறியாதவரும் இதனைச் செய்கின்றனர். முதன்முறை கருவியை இயக்கிக் காட்டியவர் பெரும்பாலும் அயல் வீட்டுச் சிறுவனாகவோ மருமகளாகவோ இருப்பர். காண விரும்பும் முகம் அப்பால் இருத்தலும், கற்றுக்கொடுக்கும் கை இப்பால் இருத்தலுமே வேண்டுவன. வயது அத்துணை வலிய தடையன்று. ஆய்வாளர் வயது என்று குறிப்பதிற் பெரும்பகுதி, கற்றுக்கொடுப்பார் இன்மையே போலும்.

வருமானத்துக்கும் கருவிக்கும் உள்ள தொடர்பு இதனினும் கூர்மையானது. அமெரிக்காவில் வறியோர்க்கும் காப்புறுதி அற்றோர்க்கும் சிகிச்சையளிக்கும் சமுதாய மருத்துவ நிலையங்கள் உள. கலிபோர்ணியா மாநிலத்து 41 நிலையங்களை ஆராய்ந்து 2021 இல் வெளியான கணக்கு, தொற்றுநோயின் தொடக்க மாதங்களில், 2020 மார்ச் முதல் ஓகஸ்ட் வரை, அங்கு நிகழ்ந்த உளநலச் சந்திப்புகளில் 63 வீதம் தொலைபேசி வழியாகவும், 14 வீதமளவு காணொளி வழியாகவும், எஞ்சியவை நேரிலும் நிகழ்ந்தன என்று காட்டியது. செல்வர் நாடும் மனைகளிற் காணொளி பெருக, வறியோர் நாடும் நிலையங்களில் வெறுங் குரலே சிகிச்சையின் வாகனமாயிற்று. வறியோர் காணொளியை வெறுத்தனர் என்று இதற்குப் பொருளன்று. மாத முடிவில் தீர்ந்துபோகும் இணையக் கட்டணத்தைக்கொண்டு ஒரு மணி நேரம் முகங்காட்டிப் பேச அவர்களால் இயலாது. பலரோடு பகிர்ந்து வாழும் அறையைத் திரையில் அந்நியர்க்குக் காட்டவும் மனம் ஒப்பாது. இவ்விரண்டாவது காரணத்தை எந்த அட்டவணையும் காட்டுவதில்லை.

இங்கேதான் ஆட்சியாளரின் தீர்மானம் நுழைகின்றது. அமெரிக்காவில் முதியோர்க்கும் உடற்குறையுடையோர்க்கும் உரிய மெடிக்கெயர் என்னும் அரசினர் காப்புறுதி, தொற்றுநோய்க்கு முன்னர் ஒலியும் ஒளியும் கூடிய சந்திப்புக்கே தொலைச்சிகிச்சையெனப் பணம் வழங்கிற்று. தொலைபேசிப் பேச்சு மட்டும் சந்திப்பாகக் கொள்ளப்படவில்லை. நோய்க்காலத்தில் இவ்விதி தளர்த்தப்பட்டது. 2022 தொடக்கம், உளநோய்ச் சிகிச்சையைப் பொறுத்தவரையில், காணொளி இயலாத அல்லது விரும்பாத நோயாளியுடன் வீட்டிலிருக்கும்போது குரல்வழிப் பேசுதலும் சந்திப்பாக ஏற்கப்பட்டது. பார்ப்பதற்கு இது ஒரு கணக்காளரின் திருத்தம். மேற்கூறிய எண்களோடு வைத்துப் பார்த்தால், முதியோரும் வறியோரும் கறுப்பின மக்களும் ஆங்கிலம் சரளமாக அறியாதாரும் மிகுதியாகப் பயன்படுத்திய வாயிலைத் திறந்து வைப்பதா அடைப்பதா என்னும் தீர்ப்பாகவே அது காணப்படும். குரல்வழிச் சிகிச்சை தரங்குறைந்ததென்றும், முகங்காணாது மருந்து எழுதுதல் தீதென்றும் வாதிப்பார் உளர். மருந்து தொடங்குமுன் முகங்காண வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆயின் குரலும் கிடையாதவர்க்கு முகத்தை நிபந்தனையாக்குதல் எவ்வகையிலும் ஒப்பத்தக்கதன்று.

அந்நாட்டின் முன்னாட் போர்வீரர் நலத் திணைக்களம் வேறொரு வழியைக் கையாண்டது. 2016 முதல், இணையமும் கருவியும் இல்லாத போர்வீரர்க்கு இணையத் தொடர்புடன் கூடிய தட்டைக்கணினிகளை அத்திணைக்களமே வழங்கிற்று. கிராமப்புறப் போர்வீரரிடையே அக்கருவியைப் பெற்றோர் உளச்சிகிச்சையைக் கூடுதலாகப் பெற்றனர் என்றும், தற்கொலை எண்ணத்தோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருதல் அவர்களிடையே குறைந்தது என்றும் 2022 இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. கருவியில்லை என்பது ஒருவரின் குடித்தொகை இயல்பாக எண்ணப்பட்டு வந்த இடத்தில், கருவியைக் கொடுத்துவிட்டால் அவ்வியல்பு மறைந்துபோவதை இது காட்டுகின்றது.

பால் வேறுபாட்டைப் பற்றிக் கூறுமிடத்து மேல்நாட்டு முடிவுகளை அப்படியே ஏனைய நாடுகளுக்குப் பொருத்துதல் இயலாது. மேல்நாடுகளில் உளச்சிகிச்சையை, நேரிலாயினும் தொலைவிலாயினும், நாடுவோருட் பெண்களே மிகுதி. ஆண்கள் துன்பத்தைச் சொல்ல நாணுவர் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். தற்கொலையால் இறப்போருள் ஆண்களே மிகுதியாதலின் அந்நாணம் உயிருக்கு உலையாகவும் முடிகின்றது. இந்தியாவிலோ 2022 ஒக்டோபர் 10 ஆந் திகதி தொடங்கப்பெற்ற தெலி-மானஸ் என்னும் அரசினர் தொலைபேசிச் சேவையை, அதன் 14416 என்னும் இலக்கத்தில் அழைத்தோருட் பெண்களினும் ஆண்களே கூடியவராகக் காணப்பட்டனர். அவருள்ளும் 18 முதல் 45 வயது வரையானோரே பெரும்பாலர். இந்திய ஆடவர் மேல்நாட்டு ஆடவரினும் துணிந்து மனந்திறப்பவர் என்று இதிலிருந்து முடிவு செய்வார் ஏமாறுவர். அந்நாட்டின் 2019-21 ஆம் ஆண்டுத் தேசிய குடும்ப நல அளவீட்டின்படி, தாமே பயன்படுத்தும் கைத்தொலைபேசியை உடைய பெண்கள் 54 வீதத்தினரே. எஞ்சியோரிற் பலர் கணவனுடையதையோ மகனுடையதையோ இரந்து பெற்றே பேசவேண்டும். கணவனின் குடியும் கொடுமையுமே துன்பத்துக்குக் காரணமாயின், அவனுடைய தொலைபேசியில் அதனைச் சொல்வது எங்ஙனம்?

இதனோடு ஒட்டியது இடவசதி. வைத்தியசாலையிற் கதவைச் சாத்திவிட்டு வைத்தியர் கேட்கும் வினாக்களை வீட்டிற் கேட்கும்போது, மாமியார் அடுக்களையில் இருப்பார். பிள்ளைகள் அருகிற் படித்துக்கொண்டிருப்பர். நோயாளி 'ஓம்', 'இல்லை' என்று மட்டும் விடை கூறுவார். நோய்க்காலத்தில் மேல்நாட்டில் நோயாளர் சிலர் தம் மோட்டார் வண்டிக்குள் அமர்ந்தும், சிலர் வீதியில் நடந்துகொண்டும் சிகிச்சை பெற்றனர் என்பர். வண்டி வைத்திருப்போர்க்கு அஃது இயலும். இளையோர் இத்தடையைக் கடக்க எழுத்தை நாடுகின்றனர். அமெரிக்காவில் 2013 இல் தொடங்கிய குறுஞ்செய்திச் சேவையைப் பெரும்பாலும் இளையோரே பயன்படுத்துகின்றனர். அங்கு 2022 யூலை முதல் வழங்கும் 988 என்னும் தேசிய இலக்கத்துக்கும் அழைப்போடு குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஒரே அறையிற் பெற்றோரிருக்க, ஓசையின்றி விரலாற் பேசும் பிள்ளைக்கு அது வாய்த்தது. எழுத்தறியாதவர்க்கும் கண்பார்வை மங்கியவர்க்கும் அது பயன்படாது.

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்குவார்க்குத் திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் நினைவுக்கு வருதல் இயல்பு. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து பிழையாது கொடுப்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். தொலைச்சிகிச்சை இந்நான்கனுள் இரண்டாவதனைத் தூரத்தே வைத்தது. அதனால் நான்காவதன் சுமை பெருகிற்று; கருவியை இயக்கவும், மறந்த நாளை நினைவூட்டவும், மருந்தை வாங்கிவரவும், நோயாளி கூறாது விட்டதனைக் கூறவும் அருகில் ஒருவர் வேண்டும். ஆய்வாளர் வயது, பால், வருமானம் என்று பட்டியலிடும் இயல்புகள் யாவற்றுக்கும் அடியில் இந்நான்காங் கூறே நிற்கின்றது. மருமகள் அருகிருக்கும் எண்பது வயதினர் வருவர். தனித்திருக்கும் ஐம்பது வயதினர் வாரார். அருகிருப்பவரே துன்பத்துக்குக் காரணமாயிருக்கும் பெண்ணோ, அருகில் ஆளிருப்பதனாலேயே வாராள்.

இக்கூற்றைத் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்ந்த ஒரு முயற்சி நன்கு விளக்கும். வைத்தியர் சாரதா மேனன் 1984 இற் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனம், 2010 இல் அம்மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பத் தொடங்கியது. பேருந்தினுள்ளே ஆலோசனை அறை ஒன்று; அதிலே திரையும் ஒலிபெருக்கியும்; பக்கத்தில் மருந்தகம். ஏறத்தாழ நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் சென்னையிலிருந்த உளமருத்துவர் திரையில் தோன்றி நோயாளியோடு தமிழிற் பேசினார். அவர் எழுதிய மருந்து அப்பேருந்திலேயே இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அந்தந்த ஊர்களைச் சேர்ந்த சுகாதாரப் பணியாளர் முன்னரே வீடு வீடாகச் சென்று நோயாளரைக் கண்டறிந்து அழைத்து வந்தனர். வாராது நின்றவரைத் தேடியுஞ் சென்றனர். நோயாளியிடம் கைத்தொலைபேசி வேண்டியதில்லை, இணையம் வேண்டியதில்லை, எழுத்தறிவும் வேண்டியதில்லை. வீட்டில் இல்லாத தனியறையைப் பேருந்து அளித்தது. நெப்ராஸ்காவின் வழி ஐம்பது ஆண்டுகளின் பின்னர் தமிழ்க் கிராமத்தின் ஆலமரத்தடிக்கு வந்தது எனலாம். முதுமையும், வறுமையும், கல்லாமையும் ஆகிய இயல்புகள் இங்கு நோயாளரை விலக்கும் வலியை இழந்தன. செலவு மிகுந்த முறையென்று இதனைக் குறைகூறுவர். பேருந்துக்கும் சாரதிக்கும் பணியாளர்க்கும் செலவு உண்டென்பது மெய்யே. கைத்தொலைபேசி வழிச் சேவையிலே அச்செலவு மறைவாக நோயாளியின் தலையிற் சுமத்தப்படுகின்றது என்பதும் மெய்யே.

இலங்கையில் தொலைவிலிருந்து உளவுதவி வழங்கும் முயற்சி 1974 இல், ஜோன் டி மெல் அம்மையார் நிறுவிய சுமித்ரயோ இயக்கத்தோடு தொடங்கிற்று எனலாம். சாட் வராவின் நெறியைப் பின்பற்றிய அவ்வியக்கம் நேரிலும் தொலைபேசியிலும் துயருற்றோரைச் செவிமடுத்தது. தொலைபேசி அரிதாயிருந்த அக்காலத்தில் அதனை அழைத்தோர் பெரும்பாலும் நகரத்தாராய் இருந்திருத்தல் வேண்டும். இன்று அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகம் 1926 என்னும் இலக்கத்தில் இரவும் பகலும் மும்மொழியிலும் அழைப்பை ஏற்கின்றது. கைத்தொலைபேசி ஊர்தோறும் பரவிவிட்டமையால் அழைக்கும் வசதி முன்போல அரிதன்று. 2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் பிறந்தபோது, மாதந்தோறும் வைத்தியசாலை சென்று மருந்து பெற்றுவந்த நோயாளர் திகைத்தனர். அவ்வேளை அஞ்சற்காரரின் கையில் மருந்து வீடு சென்றது. 2022 இல் எரிபொருட் பஞ்சத்தால் பேருந்துகள் நின்றபோதும், ஊசியும் குளிசையும் தவறாது பெறவேண்டிய உளநோயாளர் பெரிதும் இடர்ப்பட்டனர். தொலைச்சிகிச்சை வசதியுள்ளோர்க்கான நூதனம் என்று கருதியோர்க்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் விடையாயின.

தமிழ் பேசும் நோயாளர்க்கு மொழியும் ஒரு தூரமே. உடல்நோயைச் சைகையாலும் விரலாற் காட்டியும் ஒருவாறு உணர்த்தலாம். 'நெஞ்சுக்குள் ஏதோ எரிகின்றது', 'மனம் ஒரு நிலையில் இல்லை', 'ஆரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கு' என்பவற்றை மொழிபெயர்ப்பாளர் ஊடாகச் சொல்லும்போது சிகிச்சைக்கு உரிய நுண்மை வழியிலே சிந்திவிடுகின்றது. அந்நியர் ஒருவர் இடையில் நிற்பதால் நாணமும் மிகுகின்றது. ஆங்கிலம் குறைவாக அறிந்தோர் அமெரிக்காவில் தொலைச்சிகிச்சையைக் குறைவாகவே பயன்படுத்தினர் என்பதும் இதனையே காட்டும். ஆயின் மொழியைப் பொறுத்தமட்டிலே தொலைச்சிகிச்சை தடையாகவும் தீர்வாகவும் நிற்கவல்லது. சிங்களம் மட்டும் வழங்கும் வைத்தியசாலைக்குச் செல்லும் மலையகத் தொழிலாளி ஒருவர்க்கு, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள தமிழ் உளமருத்துவர் திரைவழி அருகிற் கொணரப்படலாம். நேரில் வருதற்கு ஒரு பகலும் ஓர் இரவும் கழியும் தூரம் அது.

இதற்கு வேண்டுவன அரியன அல்ல. 2005 இல் வகுக்கப்பெற்ற தேசிய உளநலக் கொள்கையின் பின்னர் மாவட்டங்கள்தோறும் உளநலப் பயிற்சி பெற்ற மருத்துவ உத்தியோகத்தர் அமர்த்தப்பட்டனர். தொலைச்சிகிச்சையை அவரோடு இணைத்தால், அருகிருப்பார் என்னும் நான்காங் கூறு ஏற்கெனவே ஆயத்தமாயுள்ளது. தொலைவழிச் சேவையைப் பதிவு செய்வோர் நோயாளியின் வயதையும் பாலையும் முகவரியையும் எழுதுவதோடு, பேசிய தொலைபேசி அவருடையதா, பேசும்போது அறையில் வேறு யார் இருந்தனர், எம்மொழியிற் பேசினர், மருந்தை யார் எடுத்துக் கொடுப்பார் என்னும் நான்கு வினாக்களையும் சேர்த்துக்கொண்டால் போதும். வாராதார் யாவர் என்பது அப்பதிவேட்டின் வெற்றிடங்களிலிருந்தே புலப்படத் தொடங்கும்.

லயன் காம்பரா ஒன்றில் மூன்று தலைமுறையினர் ஒருங்கு வாழ்வர். ஒரு சுவருக்கு இப்பாற் பேசுவது அப்பால் உள்ள வீட்டுக்குக் கேட்கும். அங்கு வாழும் பெண்ணுக்குக் கைத்தொலைபேசி மட்டும் கொடுத்து 1926 ஐ அழைக்கச் சொல்வதால் ஒன்றும் ஆகாது. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில், தோட்ட மருந்தகத்தின் ஒரு மூலையில், உள்ளே தாழிடத்தக்க கதவோடு கூடிய சிற்றறையும், அதிலே ஒரு திரையும், அவள் மொழி அறிந்த தாதி ஒருத்தியும் இருந்தால் அவள் வருவாள். மருந்தகத்துக்குச் சென்றேன் என்று வீட்டிற் சொல்லிக்கொள்ளவும் அவளால் இயலும். காய்ச்சலுக்கோ, தலையிடிக்கோ, மனத்துக்கோ என்று எவரும் கேட்கமாட்டார்.